இரத்தச் சீட்டும் மாத்திரைப் பெட்டியும்

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் தைராய்டு நோய் குறித்து ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், நிறுவை, வீடு, தண்ணீர் என்றுதான் பேசுவது வழக்கம். இன்றைக்குக் கழுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். கழுத்தில் உள்ள ஒரு சின்னச் சுரப்பி கெட்டுப் போனால் கால் நடக்காது, கை உளி பிடிக்காது, சம்பளம் குறையும், வீட்டில் சண்டை வரும். ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

நாங்கள் டாக்டர்கள் அல்லர். மருந்து எழுதிக் கொடுக்க வரவில்லை. நமது கிளையில் நடந்த ஒரு சம்பவம் எங்களுக்குப் பாடமாயிற்று. அதில் நாங்களும் தவறு செய்தோம். அதைச் சொல்லி, பின்பு படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

ஓர் அம்மாளின் கதை

நமது கிளையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டும் ஓர் அம்மாள் இருக்கிறார். பெயர் வேண்டாம்; அவரும் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். ஐந்நூறு மரத்தையும் வெட்டிவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் வாளியோடு வந்து நிற்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வேகம் குறைந்தது. கடைசி ஆளாக வரத் தொடங்கினார். லோரி காத்து நின்றது. "என்ன அம்மா, மரத்தடியிலே தூங்கிட்டு வர்றீங்களா?" என்று மண்டோர் கேட்டார். "இல்லீங்க ஐயா, உடம்பு முடியல்லீங்க" என்பார் அவர். வீட்டுக்காரரோ, "முன்னே மாதிரி வேலையிலே உனக்கு மனசு இல்லே" என்றார். கூட வெட்டும் பெண்கள் "சோம்பேறித்தனம்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். உள்ளதைச் சொல்வதானால், நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

முகம் ஊதியது. குரல் கம்மியது. விடியற்காலைக் குளிரில் மற்றவர் வியர்த்து நிற்கும்போது அவர் மட்டும் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினார். மலச்சிக்கல், முடி உதிர்வு, மறதி எல்லாம் வந்தன. எடை கூடியது. கடைசியில் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து இரத்தம் எடுக்கச் சொன்னார். சீட்டில் டி.எஸ்.எச். 46 என்று வந்தது. நான்குக்குள் இருக்க வேண்டியது 46! சோம்பேறி என்று நாம் சொன்ன அந்த அம்மாள், கால் பங்கு உயிர்ச்சத்தோடு ஐந்நூறு மரத்தையும் வெட்டிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் ஆள் பழையபடி ஆனார். டி.எஸ்.எச். 2.6-க்கு இறங்கியது. கதை இத்தோடு முடிந்திருந்தால் இன்று இந்த உரைக்கு அவசியமில்லை.

ஒரு நாள் கிளினிக்கில் மாத்திரைப் பெட்டி மாறியது. வேறு கம்பெனி, வேறு நிறம், வேறு பெயர். ஆறேழு வாரத்தில் பழைய களைப்புத் திரும்பியது. "மட்டமான மருந்தைத் தோட்டத்து ஏழைகள் தலையில் கட்டிவிட்டான்" என்று லயத்தில் பேச்சு எழுந்தது. அம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாங்கள் என்ன செய்தோம்? விசாரிக்காமல் மனு எழுத உட்கார்ந்தோம். மனுவில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. அம்மாள் வெட்டுக்காட்டில் மயங்கி விழுந்தார்.

கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். டி.எஸ்.எச். 31. மருந்துக் கவுன்டரில் இருந்த இளம் பெண், எங்கள் கோபத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, நிறுத்துறதுக்கு முன்னாலே இந்த மாத்திரையை எதோட சேர்த்துச் சாப்பிட்டீங்க?"

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. பெட்டி மாறிய அதே மாதத்தில், இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அம்மாள் இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் கோப்பியோடு விழுங்கியிருக்கிறார். இரும்பு, தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது. கோப்பியும் தன் பங்குக்குத் தடுக்கும். நேரத்தைப் பிரித்துச் சாப்பிடச் சொன்னார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 3.1. மாத்திரை எது? நாங்கள் குற்றம் சாட்டிய அதே புதுப் பெட்டிதான்.

மனுவைக் கிழித்துப் போட்டோம், தோழர்களே. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் எங்களைப் படிக்க வைத்தது.

சுரப்பியும் கங்காணியும்

தைராய்டு என்பது தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. எடை இருபது கிராம்கூட வராது. உப்பிலும் மீனிலும் உள்ள அயோடினை எடுத்து இரண்டு சத்துக்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணு சேர்ந்தது டி-4; மூன்று சேர்ந்தது டி-3. பெரும்பாலும் டி-4 ஆகவே சுரக்கும்; உடம்பு தேவையான இடத்தில் அதை டி-3 ஆக மாற்றிக்கொள்ளும். உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, குடல் ஓட்டம், மூளைச் சுறுசுறுப்பு எல்லாவற்றுக்கும் அடுப்பை ஏற்றி இறக்கும் வேலை இதனுடையது.

இந்தச் சுரப்பிக்கு ஒரு கங்காணி உண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அது. அந்தக் கங்காணி போடும் சத்தத்தின் பெயர்தான் டி.எஸ்.எச்.

பால் குறைந்தால் கங்காணி என்ன செய்வான்? கத்துவான். பால் போதுமான அளவு வந்தால்? வாயை மூடிக்கொள்வான். தேவைக்கு மேல் வந்தால் அந்தப் பக்கமே வரமாட்டான். இரத்தச் சீட்டைப் படிப்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தால் கங்காணி கத்துகிறான் என்று பொருள்; அதாவது சுரப்பி குறைவாக வேலை செய்கிறது, அல்லது மாத்திரை போதவில்லை. டி.எஸ்.எச். மிகக் குறைந்திருந்தால் கங்காணி அடங்கிவிட்டான். அதாவது சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, அல்லது மாத்திரை மிஞ்சிவிட்டது.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "எனக்குத் தைராய்டு கூடிப் போச்சு, 15 இருக்கு" என்று சொல்லி மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். கூடியது சுரப்பு அல்ல, கங்காணியின் சத்தம். குறைக்கக் குறைக்கச் சத்தம் இன்னும் ஏறும்.

சீட்டில் உள்ள எண்கள்

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை இருப்பது வழக்கம். ஒவ்வொரு பரிசோதனைக்கூடமும் தன் எல்லையைச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு எல்லை சற்று உயரும், கர்ப்பிணிகளுக்குத் தாழும்.

அடுத்தது 'ஃப்ரீ டி-4'. நிறுவை இடத்தில் நின்று பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். வாளியில் இருக்கும் பாலின் எடை வேறு. அதில் உள்ள காய்ந்த ரப்பரின் கணக்கு வேறு. கிராணி மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பது எதற்கு? தண்ணீரைக் கழித்து உண்மையான சரக்கை அறிவதற்கு. இரத்தத்திலும் அப்படியே. டி-4 முக்காலே மூன்றுவீசமும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒட்டாமல் விடுதலையாக இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வேலை செய்வது அதுதான். அதை அளப்பதே ஃப்ரீ டி-4.

இங்கே கிராணிமார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சீட்டில் ஃப்ரீ டி-4 15 என்றும், இன்னொரு சீட்டில் 1.2 என்றும் வரலாம். உடனே பதறக்கூடாது. ஒன்று லிட்டருக்குப் பிகோமோல் கணக்கு. மற்றது டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு. 1.2-ஐ 12.87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15 வரும். இரண்டும் ஒன்றே. பவுனையும் கிலோவையும் ஒன்றாக எண்ணிச் சண்டை போடுவதுபோல் ஆகிவிடக்கூடாது.

டி.எஸ்.எச். கூடி, ஃப்ரீ டி-4 குறைந்தால் நோய் உறுதி. டி.எஸ்.எச். மட்டும் சற்றுக் கூடி, ஃப்ரீ டி-4 சரியாக இருந்தால் அது ஆரம்ப நிலை. பல டாக்டர்கள் உடனே மருந்து கொடுக்காமல் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சிலருக்கு அது தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. டி.எஸ்.எச். மிகக் குறைந்து, டி-4 அல்லது டி-3 ஏறியிருந்தால் அது மிகைச் சுரப்பு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உடல் மெலிவு வரும். அதற்கு மருந்தே வேறு. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் கடன் வாங்கி விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

'ஆன்டி டி.பி.ஓ.' என்று ஒரு பரிசோதனை உண்டு. உடம்பின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்குகிறதா என்று அது காட்டும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ எழுதிவைத்த நோய் இது. அயோடின் போதுமான நாடுகளில் தைராய்டு குறைவுக்கு இதுவே முதற் காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.

எப்போது இரத்தம் கொடுப்பது?

டி-4 உடம்பில் மெல்லக் கரையும் சரக்கு. பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே மாத்திரையின் அளவோ பெட்டியோ மாறினால், உடம்பில் புது நிலை உறுதிப்பட ஆறு வாரம் வேண்டும். இன்றைக்கு மரத்துக்கு உரம் போட்டுவிட்டு நாளைக்கே மங்கில் பால் பொங்கவில்லையே என்று கேட்கலாமா? மாத்திரை மாறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கும் இரத்தமே உண்மை சொல்லும்.

டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் ஏறி, பிற்பகலில் இறங்கும். ஒரு தடவை காலை எட்டு மணிக்கும், மறுதடவை வெட்டு முடிந்து மூன்று மணிக்கும் கொடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடக்கூடாது. கூடியவரை ஒரே நேரத்தில், காலையிலேயே கொடுப்பது நல்லது. தைராய்டு சோதனைக்குப் பட்டினி அவசியமில்லை. ஆனால் அன்று காலை மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடச் சொல்வார்கள். ஏனெனில் விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி-4 ஏறிக் காட்டும்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிறார்களே, பயோட்டின் என்னும் சத்து மாத்திரை, அதை அதிக அளவில் சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் எண்கள் பொய்யாக வரும். அமெரிக்க மருந்து ஆணையம் 2017-இல் இதை எச்சரித்தது. இரத்தம் எடுக்கு முன் அதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். குறைந்தது இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குட்பட்டவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள். சான்று டாக்டர் கையில் இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்.

ஒரே மருந்து, பல பெட்டி

இனி மாத்திரைக்கு வருவோம். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்தார். அந்த அம்மையார் 1919 வரை, இன்னும் இருபத்தெட்டு ஆண்டு வாழ்ந்தார். அவருக்காக 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவாயிற்று. ஆட்டுக்கு ஆடு சத்து வேறுபட்டது. 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதுதான் இன்றைய லீவோதைராக்ஸின்.

யூதைராக்ஸ், எல்ட்ராக்ஸின், சிந்தராய்ட், தைரோநார்ம் எனப் பல நாடுகளில் பல பெயர்கள். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. சட்டை வேறு, ஆள் ஒருவரே.

அப்படியானால் வேறுபாடே கிடையாதா? உண்டு. 100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. மாத்திரையில் மிச்சமெல்லாம் மாவும் பசையும் சாயமும். ஒரு கம்பெனி குடிக்கும் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்க்கும். இன்னொன்று மானிட்டால் சேர்க்கும். இந்தக் கலவையைப் பொறுத்து மாத்திரை வயிற்றில் கரையும் விதம் சற்று மாறலாம். குடிக்கும் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும், ஏதாவதொரு சாயம் ஒவ்வாதவருக்கும் தொந்தரவு வரலாம். மேலும் இந்த மருந்தில் சிறு ஏற்றத்தாழ்வும் இரத்தச் சீட்டில் பெரிதாகத் தெரியும். அதனால்தான் அமெரிக்க ஆணையம் 2007-இல், காலாவதி நாள்வரை மாத்திரையில் குறிப்பிட்ட மருந்தில் 95 முதல் 105 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டை இறுக்கியது. அதற்குமுன் 90 சதவிகிதம்வரை இறங்க இடமிருந்தது.

கம்பெனி சொன்னதும் அரசு சொன்னதும்

"எங்கள் பெட்டி மட்டுமே நல்லது" என்று கம்பெனிக்காரன் சொல்வான். அதை நம்பலாமா? ஒரு வரலாறு கேளுங்கள். அமெரிக்காவில் சிந்தராய்ட் விற்ற கம்பெனி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டி டாங் என்ற அம்மையாருக்குப் பணம் கொடுத்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. தன் மருந்தே உயர்ந்தது என்று வரும் என்பது அதன் எண்ணம். 1990-இல் முடிவு வந்தது: ஒப்பிட்ட நான்கு மருந்துகளும் சமமே என்று. கம்பெனி என்ன செய்தது? 1995-இல் கட்டுரை அச்சேறும் தறுவாயில், ஒப்பந்தத்தைக் காட்டித் தடுத்துவிட்டது. 1997-இல்தான் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. ஏழாண்டுக் காலம், குறைந்த விலை மருந்து தாழ்ந்தது என்ற எண்ணம் நிலைத்து நின்றது. 2022-இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும், பிராண்டுப் பெயரில்லாத மருந்துகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்களின் டி.எஸ்.எச்., மாறாதவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை என்றே கண்டது.

அப்படியானால் "எல்லாம் ஒன்றுதான், உன் புகார் வெறும் பிரமை" என்று அதிகாரி சொன்னால் அதை ஏற்கலாமா? அதையும் அப்படியே ஏற்கக்கூடாது. 2007-இல் நியூசிலாந்தில் எல்ட்ராக்ஸின் மாத்திரையில் மருந்தை மாற்றாமல் கலவையை மட்டும் மாற்றினார்கள். புகார்கள் வெள்ளமாக வந்தன. சோதித்துப் பார்த்தால் மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் பேசப் பேசப் புகார்கள் பெருகின என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இருந்தும் அரசு 2008-இல் மாற்று மாத்திரைகளுக்கு வழி செய்தது.

2017-இல் பிரான்ஸ் நாட்டில் லீவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்து நாளடைவில் வீரியம் குறையாமல் இருக்கவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிடும் மாத்திரை அது. வேறு பெட்டி அநேகமாகக் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் களைப்பு, தலைவலி, முடி உதிர்வு என்று முறையிட்டார்கள். வழக்கு மன்றம் வரை போனார்கள். அவ்வாண்டு அக்டோபரில் பழைய கலவையை மீண்டும் இறக்குமதி செய்ய நேர்ந்தது.

2021-இல் பிரிட்டனின் மருந்து ஆணையம் ஒரு நடுநிலை வழியைச் சொன்னது. பெரும்பாலோர் பெட்டி மாறினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மாறும்போதெல்லாம் ஒருவருக்குத் தொந்தரவு வருகிறதென்றால், இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அவருக்கு ஒத்துவரும் ஒரே தயாரிப்பைத் தொடர்ந்து கொடுங்கள் என்றது. எண் சரியாக இருந்தும் உடம்பு சொல்வதைத் தள்ளிவிடவேண்டாம் என்பதே இதன் சாரம்.

தோழர்களே, கம்பெனி சொல்வதையும் நம்பிவிடாதே, லயத்துப் பேச்சையும் நம்பிவிடாதே, அளந்து பார். நிறுவையில் நாம் என்ன செய்கிறோம்? முள் நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்க்கிறோம். நம் எடையை நாமே குறித்து வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கிராணி கணக்கோடு ஒத்துப் பார்க்கிறோம். மரத்துப் பாலுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நமது இரத்தத்துக்கும் காட்ட வேண்டாமா?

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிடவேண்டும். பெரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, சமையலை முடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் கோப்பி குடியுங்கள். காலையில் முடியாதென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். டாக்டரிடம் கேட்டு ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வயிற்றெரிச்சல் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சோயாப் பாலையும் இதோடு சேர்க்கவேண்டாம்.

மூன்றாவது, வெயிலும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்துக்குப் பகை. தகரக் கூரையின் கீழ் அடுப்பங்கரைப் பலகையிலும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்காதீர்கள். பட்டையிலிருந்து மொத்தமாக உடைத்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

நான்காவது, பெட்டி மாறினால் நிறத்தைப் பார்க்காதீர்கள். மைக்ரோகிராம் எண்ணைப் பாருங்கள். 25-ஆ, 50-ஆ, 100-ஆ? முன்பு நூறு ஒன்று சாப்பிட்டவருக்கு ஐம்பது கொடுத்தால் இரண்டு சாப்பிட வேண்டும். இதைத் தெரியாமல் பாதி மருந்தோடு மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கவுன்டரில் நின்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஐந்தாவது, பெட்டியில் 'மால்' என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே மலேசிய அரசு பதிவு செய்த மருந்தின் அடையாளம். எண்ணில்லாத மருந்தைச் சந்தையிலும் கைத்தொலைபேசியிலும் வாங்கவேண்டாம்.

ஆறாவது, நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். குறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் அம்மாளிடம் கண்டோம். மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். வயதானவர்களுக்கு எலும்பு மெலியும். சுறுசுறுப்பு வரும் என்று இரண்டு மாத்திரை விழுங்குவது, பால் அதிகம் வரும் என்று மரத்தை ஆழ வெட்டிக் காயப்படுத்துவது போன்றது.

ஏழாவது, கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். குழந்தைக்கும் சேர்த்துத் தாயின் சுரப்பே ஆரம்பத்தில் உழைக்கிறது. மருந்தை மூன்றிலொரு பங்கு அளவுக்குக் கூட்ட நேரலாம். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். திரும்ப வரச் சொன்னால் தட்டாமல் போங்கள். சில வாரத் தாமதம் அந்தக் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்.

ஒரு சிறு புத்தகம்

கடைசியாக ஒன்று. நமது கிளை இன்று முதல் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறது. ஐந்து கட்டம்தான்: தேதி, டி.எஸ்.எச்.; ஃப்ரீ டி-4; பெட்டியின் பெயரும் மைக்ரோகிராமும்; உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. புதிதாகச் சேர்த்த வேறு மாத்திரை இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கிராணிமார்கள் மாலையில் அரை மணி நேரம் உதவவேண்டும். கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையல்ல.

இந்தப் புத்தகம் அந்த அம்மாளிடம் இருந்திருந்தால், "பெட்டி மாறிய மாதம்" என்ற வரிக்கு அடுத்தே "இரும்பு மாத்திரை" என்ற வரி இருந்திருக்கும். இரண்டு மாதம் வீணாகியிருக்காது. வெட்டுக்காட்டில் விழுந்திருக்கமாட்டார். நாளைக்கு உண்மையிலேயே ஒரு பெட்டி நம்மில் ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றால், அப்போதும் இதே புத்தகம்தான் நமக்குச் சாட்சி. தேதியோடும் எண்ணோடும் எழுதிய புகாரை எந்த அதிகாரியும் பிரமை என்று தள்ள முடியாது. அன்றைக்கு மனு எழுத நாங்களே முன்னால் உட்காருவோம்.

இன்னொரு வேண்டுகோள் மண்டோர்களுக்கும் நமக்கும் பொது. நேற்றுவரை நன்றாக வேலை செய்த ஒருவர் இன்று பின்தங்கினால், சோம்பேறி என்று சொல்லுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உடம்புக்கு என்ன?" களைப்புக்கெல்லாம் தைராய்டே காரணம் என்று சொல்லவில்லை. இரத்தக் குறைவு, நீரிழிவு, மனக் கவலை எனப் பல உண்டு. எதுவானாலும் அதைக் கண்டுபிடிப்பது டாக்டரும் இரத்தச் சீட்டும். நமது நாக்கு அல்ல. அந்த அம்மாளை நாம் என்ன சொன்னோமோ, அதற்கு இந்தச் சபையில் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். இப்போது அவர்தான் வாளியோடு முதலில் வந்து நிற்கிறார் என்பதை எல்லோரும் அறிவீர்கள்.

புத்தகம் மேசையில் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.